நாகலிகொண்டாவுக்குத் தம்பிக்குப் பெண் கேட்கப் போனது

என் தம்பி ஆறுமுகத்தை ஊருக்குக் கிளப்பிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் மைசூர் சீமைக்குப் போனேன். கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் அவன் சுரங்க வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பக்கம் போய்விட்டு வருகிற எவனாவது குடியாத்தம் சந்தையில் நின்று, சுரங்கத்தில் கல் சரிந்ததாம் என்று சொல்லிவிட்டால் போதும், அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டமாட்டாள். சரிந்தது எங்கே, செத்தது யார் பிள்ளை என்று தெரிந்து வரும்வரை நானும் பட்டினிதான். எத்தனை நாள் இப்படிக் கிடப்பது?

இந்த லட்சணத்தில் தம்பி ஒரு ஆள் மூலம் சொல்லியனுப்பினான். பெண் ஒன்று பார்த்திருக்கிறானாம், அண்ணன் வந்து பேசி முடிக்க வேண்டுமாம். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பேசி முடிச்சிட்டு அவனையும் பொண்ணையும் கையோட இட்டுக்கினு வா. அவன் மறுபடியும் அந்தக் குழியில எறங்கக் கூடாது. அவன் இல்லாம நீ வூட்டுக்கு வராத" என்றாள். என் பாய்க்கடையிலேயே அவனையும் உட்கார வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இல்லாவிட்டால் நான் கடையை மூடிவிட்டு எங்கேயும் போகிறவன் இல்லை. எனக்கு வெளியூர்ச் சோறு ஆகாது, வெளியூர்த் தண்ணீர் அதைவிட ஆகாது.

ரயிலில் கரித்தூள் விழுந்து இடது கண் வீங்கி, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஒற்றைக் கண்ணோடு இறங்கினேன். வேற்றுச் சீமை, வேற்றுப் பாஷை என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தவன் நான். இறங்கினால் காதில் விழுந்ததெல்லாம் தமிழ். அதுவும் எங்கள் ஆர்க்காட்டுத் தமிழ். "இன்னா மச்சான், எந்த ஷிப்டு?" என்று ஒருவன் கேட்டான். "ரெண்டாவது ஷிப்டு. புது லெவலு தோண்டறாங்க, கேஜ்ல எறங்கறதுக்கே பாதி உசுரு போவுது" என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் போனான். பாஷை புரிந்தது, பேச்சு புரியவில்லை. குடியாத்தத்தை விட்டுப் புறப்பட்டேனா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே கூழ் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் ஆறுமுகம் வீடு எது என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஆறுமுகம்? ஆம்பூர் ஆறுமுகமா, குடியாத்தம் ஆறுமுகமா?"

"குடியாத்தம்."

"குடியாத்தத்துலயே நெறைய ஆறுமுகம் கீறாங்க. எந்த ஷாப்ட்டுக் குழியில எறங்கறாரு? இன்னா வேலை?"

எனக்கு அவன் என் தம்பி என்பது மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன். "அப்பச் சரி. அதோ அந்த வாசல்ல போய் நில்லு. ஷிப்டு உட்டா எல்லா ஆறுமுகமும் அந்த வழியாத்தான் வருவாங்க" என்றாள். அவள் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்தேன். எங்கள் ஊர்க் கூழைவிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

வாசல் என்றால் கம்பி வேலிக்கு நடுவே ஒரு சந்து. அங்கே தடியோடு ஒரு வாட்ச்மேன். உள்ளேயிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலை முதல் கால்வரை சாம்பல் நிறம், கண் மட்டும் சிவப்பு. வாட்ச்மேன் முன்னால் வந்து நின்றதும் ஒவ்வொருவனும் இரண்டு கையையும் மேலே தூக்கினான். வாயைத் திறந்து நாக்கை மடக்கிக் காட்டினான். குடுமியை அவிழ்த்து உதறினான். ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினான், பிறகு மறுகால். எல்லாம் முடிந்தாலும் கையை மட்டும் இறக்குவதில்லை. வாட்ச்மேன் தோளில் ஒரு தட்டு தட்டிய பிறகுதான் இறக்குகிறார்கள். நான் ஏதோ சாமி காரியம் நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன்.

அந்த வரிசையில் என் தம்பியும் வந்தான். அவனும் தூக்கினான், திறந்தான், உதறினான். வெளியே வந்து என்னைப் பார்த்ததும் பல் மட்டும் வெளேரென்று தெரியச் சிரித்தான்.

"இன்னாடா கூத்து இது?"

"தங்கம் எடுத்துக்கினு வரமான்னு பாக்கறாங்கண்ணா. தெனமும் தான். பழகிப்போச்சு."

எங்கள் வீட்டில் அவன் சட்டைப் பையில்கூட யாரும் கை விட்டதில்லை. பழகிப்போச்சு என்று அவன் சொன்னது எவ்வளவு உண்மை என்பது வழியில் கருவாடு வாங்கும்போது தெரிந்தது. சில்லறைக்காக, "மடியில எதனா வச்சிருக்கியாடா?" என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அவன் கை இரண்டும் பாதி தூரம் மேலே போய்விட்டன. கருவாட்டுக்காரி சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே கையைத் தொங்கப்போட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் குடியிருந்தது மூங்கில் தட்டியால் ஆன ஒரு குடிசை. பக்கத்துக் குடிசையில் ஒருவன் இருமினால் நம் தலைமாட்டில் இருமுகிற மாதிரி கேட்கிறது. கல் இடிக்கிற ஆலை ஓயாமல் தடதடக்கிறது, தரையெல்லாம் அதிர்கிறது. எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டேன். அது நின்றால்தான் தூக்கம் கலைகிறது என்றான். அவன் நெஞ்சிலும் ஒரு கரகரப்பு இருந்தது. இவனை இங்கே இன்னும் ஒரு மழைக்காலம் விடக்கூடாது என்று நான் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடி உறுதி செய்துகொண்டேன்.

பெண் சங்கதியை அப்போதுதான் விவரமாகச் சொன்னான். நாகலிகொண்டா என்று ஒரு மலை. அதன்மேல் பழைய ஊர் ஒன்று. அங்கிருந்து முனியப்பா என்பவர் சுரங்கத்துக்கு விறகு கொண்டுவந்து போடுவார். அவருடைய ஒரே மகள் சின்னக்கா சில நாள் வண்டியோடு வருவாள். விறகுக் கிடங்கில் பார்த்துப் பழக்கம். "நம்ம வகையறாதான்ணா. அவங்க மேலேயே தங்கிட்டாங்க, நம்ம பாட்டன் பூட்டன் கீழ எறங்கித் தமிழ் பேச ஆரம்பிச்சிட்டாங்க. அவ்ளோதான்" என்றான். அவனும் அந்த ஊருக்கு அதுவரை போனதில்லை. பெண்ணின் தகப்பனார் மட்டும், அண்ணனைக் கூட்டிக்கொண்டு மேலே வா என்று சொல்லியிருந்தாராம்.

மறுநாள் விறகு இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் ஏறினோம். வெற்று வண்டி, அடியில் வைக்கோல்கூடக் கிடையாது. பாதி வழியில் கடையாணி எங்கோ விழுந்து சக்கரம் தனியாக ஓடிப்போய் ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. நானும் பெண் வீட்டுக்கென்று நான் கொண்டுவந்த தேங்காய் மூட்டையும் ஒன்றாக உருண்டோம். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரர் பதறவே இல்லை, உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுத்தான் சக்கரத்தைத் தேடப்போனார். மலையடிவாரத்தில் வண்டி நின்றுவிடும், மேலே கழுதைதான் என்றார்கள். பாய் மூட்டையைச் சுமக்கிற பிராணியின்மேல் பாய்க்கடைக்காரன் உட்கார்ந்து போக வேண்டியதாயிற்று. தம்பி கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தபடி நடந்தான். அவன் சீட்டியடித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே கல்லால் ஒரு வாசல். பக்கத்துக்கு ஒரு நெட்டைக்கல், மேலே குறுக்கே ஒன்று. கதவு கிடையாது. பைரப்பா என்ற கிழவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் என் காதைக் காட்டி என்னவோ சொன்னார். கன்னடம். எனக்குத் தெலுங்கு தட்டுத்தடுமாறி வரும், கன்னடம் ஒரு மண்ணும் வராது.

"இன்னாடா சொல்றாரு?"

"கடுக்கனக் கழட்டி இந்த மாடத்துல வைக்கணுமாம். தங்கம் உள்ள போவக் கூடாதாம்."

"பொண்ணு கேக்க வந்தவன் மூளிக் காதோடயா போறது?"

"இங்க அதான் வழக்கமாம். கழட்டுண்ணா."

கல்லில் குடைந்த மாடம். மூடியும் இல்லை, பூட்டும் இல்லை. கீழே தங்கத்தை வெளியே விடமாட்டேன் என்கிறான், மேலே உள்ளே விடமாட்டேன் என்கிறார். எந்த ஊர் நியாயம் இது என்று முணுமுணுத்துக்கொண்டே கடுக்கனைக் கழற்றி வைத்தேன். கிழவர் தம்பி பக்கம் திரும்பினார். உன்னிடம் தங்கம் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும், பார்வையிலேயே தெரிந்தது.

தம்பியின் கைகள் மேலே போயின. வாய் திறந்தது. நாக்கு மடங்கியது. குடுமியை அவிழ்த்து உதறினான். ஒரு காலைத் தூக்கிக் காட்டினான், மறுகாலையும் காட்டினான். கை மட்டும் மேலேயே நின்றது.

கிழவர் எழுந்துவிட்டார். கம்பளி நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஊர்ப்பக்கம் திரும்பிக் கன்னடத்தில் உரக்க என்னவோ கூவினார். தூரத்தில் கூரைகளின்மேல் தலைகள் எழும்பின. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தம்பியோ கையை இறக்காமல் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தான். "எறக்குடா கைய. இங்க யாருடா வாட்ச்மேன்?" என்று நான் கத்தினேன். அவன் திரும்பவில்லை. தோளில் தட்டுவதற்காகக் காத்திருக்கிறான் போலிருக்கிறது, பழக்கம் இவனை எந்த மட்டுக்குக் கொண்டுபோய்விட்டது என்று நொந்துகொண்டேன்.

ஒல்லியான ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர்தான் முனியப்பா. என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரே தம்பியிடம் போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூரைகளின்மேல் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். மலைநாட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதையே தனி என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாடா சொல்லிக் கூவினாரு அந்தக் கெழவரு?" என்று போகிற வழியில் கேட்டேன்.

"வந்துட்டாங்கன்னு சொன்னாருண்ணா" என்றான்.

நாகலிகொண்டாவில் வீடு எது, பாறை எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாயிற்று. சுவர் கற்பலகை, கூரையும் கற்பலகை. கூரைமேல் மண் கொட்டி, அதில் புல் முளைத்து, அதை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வீடுகளுக்கு நடுவே சந்து இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஊரைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் கூரைமேல் ஏறித்தான் போகிறார்கள். நாம் தரையில் நின்று பேசிக்கொண்டிருந்தால் தலைக்கு மேலே யாரோ மருமகளைத் திட்டிக்கொண்டு போகிறார்கள். வீட்டு வாசல் இடுப்பு உயரம்தான். நுழையும்போதெல்லாம் நெற்றியில் இடித்துக்கொண்டேன், வெளியே வரும்போது பின்மண்டையில். உள்ளே நடுவீட்டில் வானம் தெரிகிற முற்றம், அதில் கன்றுக்குட்டி. அந்தக் காலத்தில் குதிரைப்படை வந்தால் ஊர் முழுக்க ஒரே கோட்டையாகிவிடும் என்று முனியப்பா தெலுங்கில் விளக்கினார். அவர்கள் பேசியதையெல்லாம் இனி நம் தமிழிலேயே எழுதுகிறேன்.

சாப்பாட்டில் வந்தது அடுத்த சங்கடம். தம்பியை வீட்டுக்காரர்களோடு உட்காரவைத்து அவர்கள் தட்டிலேயே களி போட்டார்கள். எனக்குத் தனியாகத் தையல் இலை. மாப்பிள்ளையின் அண்ணனுக்கல்லவா முதல் மரியாதை என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கொள்ளுச்சாறு வாசனையில் அடக்கிக்கொண்டேன். களியைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். பேச்சு நின்று எல்லாரும் என் தாடையையே பார்த்தார்கள். பெண் சின்னக்காதான் வாய் திறந்தாள். விறகுக் கிடங்கில் பழகிய தமிழ்.

"மாமா, களிய மெல்லக் கூடாது. முழுங்கணும். மென்னா சமைச்சவங்க மேல கோவம்னு அர்த்தம்."

"எனக்குக் கோவம் இல்லம்மா."

"அப்ப முழுங்குங்க."

முழுங்கினேன். நெஞ்சில் நின்று கண்ணில் நீர் வந்தது. அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளிவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். கெட்டிக்காரப் பெண், குடியாத்தம் சந்தையில் விட்டால் என் கடையையே தூக்கி நிறுத்திவிடுவாள் என்று எனக்கு அப்போதே பட்டது. படுக்க என்னைச் சாவடிக்கு அனுப்பினார்கள். தம்பிக்கு வீட்டுக்குள்ளேயே இடம்.

விடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். பெண் கேட்க வந்தவன் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"சும்மாதாண்ணா."

"மாப்பிள்ளடா நீ."

"எரும ரொம்ப அழுக்கா கீதுண்ணா" என்று சொல்லிவிட்டு அதன் வயிற்றுக்கடியில் குனிந்துகொண்டான். இதற்கு மேல் என்ன கேட்பது?

ஊரைச் சுற்றி வரும்போது தங்கம் ஏன் ஆகாது என்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன். மலையில் இருக்கிற அம்மனுக்கு ஆகாது என்றார் ஒருவர். தங்கம் இருந்தால் இடி விழும் என்றார் கூரைமேல் ஆடு மேய்த்தவர். தங்கம் இருக்கிற ஊருக்குத்தானே கொள்ளைக்காரனும் வரிக்காரனும் வருவான், எங்கள் பெரியவர்கள் விவரமானவர்கள் என்றார் மூன்றாமவர். அப்படியானால் தாலி? மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டுவார்களாம். ராகியைக்கூட இவர்கள் பூமிக்குள் குழி தோண்டிப் புதைத்துவைத்து, வேண்டும்போது விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கி எடுக்கிறார்கள். கீழே குழியில் இறங்கித் தங்கம் எடுக்கிறான், மேலே குழியில் இறங்கிக் கேழ்வரகு எடுக்கிறான். எனக்குத் தலை சுற்றியது, வெயில் வேறு.

சாயங்காலம் ஊரே முனியப்பா வீட்டு முற்றத்தில் கூடியது. வீட்டுக்கு ஒரு பெண்ணாக என் முன்னால் வந்து, கையில் ராகியோடு நின்றார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் தம்பியைப் பார்த்தேன்.

"துண்ட விரிச்சு வாங்கிக்கோண்ணா" என்றான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

சரிகைக்கரை போட்ட என் புதுத் துண்டை விரித்தேன். ஒவ்வொருத்தியும் ஒரு கை ராகியைப் போட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. சம்பந்தி வீட்டாருக்கு இவ்வளவு பாசமா என்று நானும் உருகிப்போய் எல்லாரையும் கும்பிட்டேன். ஒரு கிழவி மட்டும் என் கன்னத்தைத் தடவி, "பாவம்" என்றாள். எதற்குப் பாவம் என்று விளங்கவில்லை. களி விக்கியதைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன்.

கூட்டம் கலைவதற்குள் காரியத்தைப் பேசிவிடுவது நல்லது என்று முனியப்பாவிடம் ஆரம்பித்தேன். "ஐயா, எல்லாம் பரம திருப்தி. பெண்ணை எங்கள் ஊருக்கு எப்போது அழைத்துப்போகலாம்? அம்மா வழி பார்த்துக்கொண்டிருப்பாள்."

முனியப்பா மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பெண் எங்கே வருகிறாள்? பிள்ளையல்லவா இங்கே வந்திருக்கிறான்?"

"புரியவில்லை."

"பெண்ணைக் கேட்டு அழைத்துப்போகிறவன் கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு பேசாமல் வாசலைத் தாண்டுவான். உங்கள் தம்பி இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து, முடியை அவிழ்த்து, காலையும் காட்டி நின்றான். எனக்கென்று கீழே ஒன்றும் இல்லை, என்னை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவன்தான் இங்கே அப்படி நிற்பான். நான்கூட என் மாமனார் வருகிறவரைக்கும் அப்படித்தான் நின்றேன். ஆண்பிள்ளை இல்லாத வீடு இது, ஐயா. உங்கள் தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று நானே தயங்கிக்கொண்டிருந்தேன். அவனாகவே வந்து நின்றுவிட்டான்."

"இந்த ராகி?"

"பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்கு ஊரார் கொடுப்பது. நீங்கள் முகம் கோணாமல் துண்டை விரித்தீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு என்று பெண்களெல்லாம் அழுதார்கள்."

துண்டு என் கையில் கனத்தது. தம்பியைக் கொடுத்துவிட்டு ஒரு மூட்டை கேழ்வரகோடு நிற்கிறேன், அதுவும் கும்பிட்டுக்கொண்டே. "ஐயையோ, இது பிசகு" என்று அடித்துக்கொண்டேன். சுரங்க வாசலில் நடக்கிறதைத் தெலுங்கில் சொன்னேன், வார்த்தை கிடைக்காத இடத்தில் நானே கையைத் தூக்கி, வாயைத் திறந்து, காலைத் தூக்கிக் காட்டினேன். தங்கம் இருக்கிறதா என்று எவன் கேட்டாலும் இவன் கை தானாகப் போய்விடும், கருவாட்டுக் கடையில்கூடப் போயிற்று, இதற்கு அர்த்தமே கிடையாது என்று கெஞ்சினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பைரப்பா கிழவர்தான் கேட்டார். "அங்கே தினமும் அப்படி நிற்கிறானா?"

"தினமும்."

"இத்தனை நாள் நின்றவனை ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லையா?"

கிழவர் பரிகாசம் செய்யவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

முனியப்பா நல்ல மனிதர். முகம் வாடினாலும் குரல் மாறவில்லை. "தெரியாமல் செய்தது எங்களுக்கு வேண்டாம். இந்த ராகியை வீட்டுக்கு வீடு திருப்பிக் கொடுத்துவிட்டு அவனைக் கூட்டிப்போங்கள். யாரும் குறை சொல்லமாட்டோம். என் மகளைக் கேட்டு இன்னொரு முறை வாருங்கள், அப்போது பேசுவோம். ஆனால் அவன் வாயால் சொல்லட்டும்" என்றார். சின்னக்கா தூணில் சாய்ந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். "வாடா, போலாம்" என்றேன்.

"நான் இங்கயே இருந்துக்கறேன்ணா" என்றான் ஆறுமுகம்.

"இன்னாது?"

"இங்கயே இருந்துக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேர் முன்னால் அவனைக் கன்னாபின்னாவென்று பேசினேன். வளர்த்தவளை நினைத்தாயா என்றேன். கடையில் உனக்கு இடம் ஒழித்துவைத்தேனே என்றேன். "பாய் விக்கறது எனக்கு வராதுண்ணா. அங்க வந்து குந்திக்கினு இருந்தா நாலாம் மாசம் மறுபடியும் குழியில எறக்கற அந்தக் கேஜ்லதான் ஏறுவேன்" என்றான். "அம்மாவுக்கு நான் இன்னாடா பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"இனிமே குழியில எறங்கமாட்டேன்னு சொல்லு. அதானே அது கேட்டுக்கினே இருந்துச்சு."

அது உண்மைதான். அம்மா பட்டினி கிடந்ததெல்லாம் அதற்காகத்தான். ஆனால் அவன் இல்லாமல் வராதே என்று சொன்னவளும் அவள்தானே. தம்பி பிழைத்துவிட்டான் என்று சந்தோஷப்படுவதா, தம்பி போய்விட்டான் என்று அழுவதா? ஒன்றும் புரியாமல் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து நான் அழுதேன். கன்னத்தைத் தடவிய அந்தக் கிழவி மறுபடியும் வந்து தடவினாள். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்தது.

மறுநாள் காலை கிளம்பினேன். அறுவடை முடிந்து கல்யாணம், அம்மாவைக் கழுதைமேல் உட்காரவைத்தாவது நான் மேலே கொண்டுவர வேண்டும் என்று பேசியிருந்தோம். சின்னக்கா வழிக்குக் களி உருண்டை கட்டிக்கொடுத்து, "மெல்லாதீங்க மாமா" என்றாள். தம்பி கல்வாசல்வரை வந்தான். கல்யாணம் ஆகும்வரை அவன் அதைத் தாண்டக் கூடாதாம். கடுக்கனைக் காதில் போட்டுக்கொண்டு, ராகி மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிவிட்டு, வெளிப்பக்கம் நின்று அவனைப் பார்த்தேன். குளித்து, தலை வாரி, அழுக்கில்லாமல் நின்றான். இவ்வளவு சிவப்பா என் தம்பி என்று இருந்தது.

இரவெல்லாம் சாவடியில் புரண்டு புரண்டு யோசித்த ஒன்று நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது. கேட்காமல் இறங்க மனசு வரவில்லை.

"நெஜத்தச் சொல்லு. அன்னிக்கி இங்க அந்தக் கெழவரு கன்னடத்துல கூவினாரே, அது உனக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

அவன் வாசல் கல்லைத் தடவினான்.

"கை தானாத்தாண்ணா மேல போச்சு. அம்மா மேல சத்தியமா. அப்பால, 'முனியப்பா, உன் வூட்டுக்குப் புள்ள வந்துகீறான், ஓடி வா'ன்னு கூவினாரு. எறக்கிடலாம்னுதான் பாத்தேன். எறக்கல."

"நான் எறக்குடான்னு கத்தினேனே?"

"அதுவும் கேட்டுச்சுண்ணா" என்றான்.